தொப்பூர் கணவாயை ரிவர்ஸில் ஏறிய ஃபோர்டு கார்

பாலக்கோடு வாசகரின் கேள்வி, 14 ஜூன் 2025

எங்கள் கொள்ளுத்தாத்தா புளி, வெல்ல வியாபாரம் செய்தவர். ஒரு ஃபோர்டு டூரிங் கார், அதாவது மடக்கும் துணிக்கூரை போட்ட திறந்த கார், வைத்திருந்தார். ஒருமுறை சேலம் செவ்வாய்பேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தர்மபுரி வழியில் இருக்கும் தொப்பூர் கணவாய் முழுக்க வண்டியை ரிவர்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. என் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், சும்மா கட்டுக்கதை என்கிறான். பெரியப்பா அது 1905 மாடல் வண்டி என்று சாதிக்கிறார். இப்படி நடந்திருக்குமா?

14 ஜூன், இரவு

நடந்திருக்கும். அந்த வண்டி ஃபோர்டின் மாடல் டி என்றால் தாராளமாக நடந்திருக்கும்.

கிருஷ்ணகிரியில் எனக்கு லேத் பட்டறை. என் மாமாவிடம் 1924ஆம் ஆண்டு டூரிங் வண்டி ஒன்று இருக்கிறது, அதன் வைத்தியம் எல்லாம் என் பட்டறையில்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ரிவர்ஸில் ஏறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று பெட்ரோல். மாடல் டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டாங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்கி, அதைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்குப் போக வேண்டும். மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ளும், கார்புரேட்டர் மேலே போய்விடும், டாங்க் கீழே தங்கிவிடும். பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்ஜின் இருமிவிட்டு நின்றுவிடும். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றினால் டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது காரணம் இழுவை. இந்த வண்டிக்கு முன்னோக்கிப் போக இரண்டே கியர். சின்ன கியரின் விகிதம் 2.75க்கு 1, அதாவது இன்ஜின் 2.75 சுற்று சுற்றினால் கியர் பெட்டி ஒரு சுற்று. எண் பெரிதானால் இழுவை கூடும். ரிவர்ஸ் 4க்கு 1. வண்டியிலேயே அதிக பலம் ரிவர்ஸுக்குத்தான்.

உங்கள் மகனிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

15 ஜூன்

1905 மட்டும் ஒத்துவராது. மாடல் டி 1908 அக்டோபரில்தான் வெளியே வந்தது. 1927 வரை செய்தார்கள், மொத்தம் ஒன்றரைக் கோடி வண்டி. நம் பக்கத்துக்கு வந்தவை பெரும்பாலும் கனடாவில் செய்து கப்பலில் வந்தவை. பிரிட்டன் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு, பிரிட்டனைத் தவிர, கனடா கம்பெனிதான் அனுப்பியது. ஃபோர்டின் இந்தியக் கம்பெனி தொடங்கியதே 1926இல்.

பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா? வண்டியின் முகம் தெரிந்தால் போதும்.

19 ஜூன்

போட்டோ வந்தது. மூலையில் பூச்சி அரித்திருந்தாலும் வண்டி நன்றாகத் தெரிகிறது. கொள்ளுத்தாத்தா தலைப்பாகையோடு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர், காலில் செருப்பு இல்லை. ஹூடை மடித்துப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பின்னணியில் இருப்பது புளியமரமாகத்தான் இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் ஓடு கறுப்பு. 1916 வரை வந்த வண்டிகளில் அது பித்தளை, வெயிலில் பளபளக்கும். ஆக, 1917க்குப் பிறகு. ஸ்டியரிங் வலப்பக்கம். முன் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த தடயம். 1912 முதல் 1925 வரை அமெரிக்காவில் செய்த டூரிங் வண்டியில் இடப்பக்க முன் கதவு வெறும் பாவனை, தகட்டில் கோடு மட்டும் இருக்கும், திறக்காது. கனடா வண்டியில் இரண்டு பக்கமும் திறக்கும். மாமாவின் வண்டியும் அப்படித்தான்.

இன்னொன்று. 1926 மாடலில் டூரிங் காரின் டாங்கை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பெட்ரோலுக்காக ரிவர்ஸில் ஏறும் வேலையே இல்லை. உங்கள் வண்டியின் பானட்டும் உடம்பும் அதற்கு முந்தைய உருவம். 1917இலிருந்து 1925க்குள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு நிறத்தை வைத்து வருடம் சொல்ல முடியுமா என்று அரூர் வாசகர் கேட்டிருந்தார். 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும்தான் வந்தது. அதற்கு முன்பு சிவப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் உண்டு. எனவே இந்த வண்டிக்கு அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

22 ஜூன்

"20 குதிரைத்திறன் வண்டி தொப்பூரை ஏறியிருக்கவே முடியாது, மாட்டைப் பூட்டி இழுத்திருப்பார்கள்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். 1911இல் ஸ்காட்லாந்தில் ஹென்றி அலெக்சாண்டர் என்பவர் மாடல் டியை பென் நெவிஸ் மலை உச்சிக்கே ஏற்றினார். 1,345 மீட்டர் உயரம். சாலை கிடையாது, சேறும் பாறையும்தான். அதை ஏறிய வண்டிக்குத் தொப்பூர் பெரிய விஷயமே இல்லை. அந்தக் காலத்தில் தொப்பூர் வழியாகப் பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. மாடு மூச்சு வாங்கி ஏறுகிற மேட்டை இந்த இன்ஜின் ஏறும்.

வண்டி பெரிதாக இருந்தாலும் எடை குறைவு. இன்ஜின் 2.9 லிட்டர், நாலு சிலிண்டர், மெதுவாகச் சுற்றினாலே நல்ல இழுவை கொடுக்கும். வண்டிக்கும் தரைக்கும் இடைவெளி ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். மாட்டு வண்டித் தடத்தில் ஓடுவதற்கென்றே பிறந்தது.

ஓட்டும் விதம் தெரியாதவர்களுக்காக: காலடியில் மூன்று பெடல். இடது பெடலை முழுக்க அமுக்கிப் பிடித்தால் சின்ன கியர். பாதி அமுக்கினால் நியூட்ரல். விட்டுவிட்டால் பெரிய கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் கம்பி. இன்னொரு கம்பி, ஸ்பார்க் விழும் நேரத்தை முன்பின் மாற்ற. கவனிக்க வேண்டியது இதுதான்: கியரில் வைத்துவிட்டு காலை எடுக்க முடியாது. சின்ன கியரில் எவ்வளவு தூரம் போகிறீர்களோ அவ்வளவு தூரமும் அமுக்கியே பிடிக்க வேண்டும். ரிவர்ஸும் அப்படியே. ஒவ்வொரு பெடலும் உள்ளே ஒரு டிரம்மைச் சுற்றிய பட்டையை இறுக்குகிறது. அந்தப் பட்டைக்கு உள்பக்கம் பருத்தியால் நெய்த லைனிங். அது எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்யும்.

29 ஜூன்

செய்து பார்த்துவிட்டோம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மாங்காய் சீசன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டதால் டிராக்டர் நடமாட்டம் இல்லை. தோப்புக்கு நடுவில் ஒரு கரடு, அதன் மேலே மோட்டார் ரூமுக்குப் போகிற செம்மண் பாதை. தொப்பூரை விடச் செங்குத்தானது.

டாங்கில் பெட்ரோலை வடித்துக் குறைத்தோம். இந்த வண்டிக்குப் பெட்ரோல் முள் கிடையாது, சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றிக் குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். குச்சியில் இரண்டு விரல் நனைந்தது. சின்ன கியரில் முன்பக்கமாக ஏற்றினேன். பாதி மேட்டில் இன்ஜின் இரண்டு முறை வெட்டியது, அப்புறம் நின்றது. சித்தப்பாவின் பையன் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். வண்டியைக் கீழே இறக்கித் திருப்பி, நடுப் பெடலை அமுக்கிப் பின்பக்கமாக ஏற்றினோம். ஒரு தடவைகூட இன்ஜின் முனகவில்லை. மோட்டார் ரூம் வாசல் வரைக்கும் போனது.

தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் எழுந்து வந்து, "வண்டிக்கு மூஞ்சி எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டார்.

அப்புறம் பெட்ரோலை நிறைய ஊற்றி முன்பக்கமாகவே ஏற்றினோம். ஏறியது. அதாவது டாங்க் பாதிக்கு மேல் இருந்தால் இந்த மேட்டுக்கே ரிவர்ஸ் வேண்டாம். தொப்பூருக்கு நிச்சயம் வேண்டாம்.

இதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. செவ்வாய்பேட்டைக்கு வியாபாரத்துக்குப் போன மனிதர், திரும்பும் பயணத்துக்குப் பெட்ரோல் போடாமலா கிளம்பியிருப்பார்?

30 ஜூன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிவர்ஸ் 4, பின் அச்சின் கியர் விகிதம் 3.64. இரண்டையும் பெருக்கினால் 14.56. சக்கரம் நிமிடத்துக்கு 69 சுற்று. டயரின் விட்டம் 30 அங்குலம், ஒரு சுற்றுக்கு 2.39 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர்கூட வராது. சின்ன கியரில் 14 வரும்.

அந்த வேகத்தில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு காலை அமுக்கியபடி கணவாய் முழுக்க. ரிவர்ஸில் ஸ்டியரிங் நேராக நிற்காது, கையை விட்டால் தானே ஒருபக்கம் இழுக்கும். அந்த டிரைவரின் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள். கதை முழுக்கக் கொள்ளுத்தாத்தா பெயரில் போய்விட்டது.

6 ஜூலை

"சேலத்தில் மாமனார் வீடு இருந்திருக்கும், ரிவர்ஸில் போனால் கண்ணுக்கு மறையும் வரை டாட்டா காட்டிக்கொண்டே வரலாம்" என்று ஊத்தங்கரை வாசகர் எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பாலக்கோட்டுக்காரர் உடனே பதில் போட்டிருக்கிறார், கொள்ளுப்பாட்டி பிறந்த ஊர் ஓமலூராம்!

பெட்ரோல் பற்றிக் கேட்டவருக்கு: இந்த வண்டிகள் ஓடிய காலத்தில் பெட்ரோல் இரண்டு காலன் தகர டின்னில் வரும். கடையில் வாங்கி, புனல் வைத்து ஊற்ற வேண்டும். டின்னுக்கு 9 லிட்டர். டாங்க் ஏறத்தாழ 38 லிட்டர் பிடிக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இன்ஜின் அதை ஏற்றுக்கொள்கிறது. கெடுவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. பழைய மிதவை கார்க்கில் செய்தது, மேலே அரக்குப் பூச்சு. எத்தனால் அரக்கைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கிவிடும், கார்புரேட்டர் வழியும். மாமாவின் வண்டியில் இன்ஜினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை ரொம்ப நாள் ஊசி வால்வு தேய்மானம் என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பித்தளை மிதவை போட்டதும் நின்றது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை.

13 ஜூலை

சக்கரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாடல் டி சக்கரம் மரம். ஒவ்வொன்றிலும் 12 ஆரக்கால், ஹிக்கரி என்கிற அமெரிக்க மரம். நம் சித்திரை வெயிலில் மரம் சுண்டிப்போய் ஆரக்கால் ஆடும். வண்டி மெதுவாகத் திரும்பும்போது கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி. கொள்ளுத்தாத்தா சக்கரத்தைக் கழற்றித் தென்பெண்ணையில் ஊறப் போடுவார் என்று பாலக்கோட்டுக்காரர் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி இறுகும். இரண்டு நாள் தாங்கும். அதையே வழக்கமாக்கினால் மரம் உள்ளுக்குள் உளுத்துவிடும். அப்போது வேறு வழி இல்லை, இப்போது செய்யாதீர்கள்.

மாமாவின் வண்டிக்குப் புது ஆரக்கால் செய்தது மாட்டு வண்டி சக்கரம் செய்து பழகிய ஆசாரி ஒருவர். கருவேல மரத்தில் செய்து தரட்டுமா என்றுதான் முதலில் கேட்டார், அவர் வாழ்நாள் முழுக்க ஆரக்காலுக்கு அதைத்தான் போட்டிருக்கிறார். ஒரு பழைய ஆரக்காலைக் கையில் வாங்கி எடை பார்த்தார், நுனியைச் சீவி இழையைப் பார்த்தார், "இது வளைஞ்சு கொடுக்கிற மரம் சாமி, கருவேலம் முறைச்சிக்கும்" என்றார். கடைசியில் ஹிக்கரிக் கட்டையையே வரவழைத்துக் கொடுத்தோம். சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் ஆரக்கால் உட்காரும் கோணத்தை அவர் அளவுகோல் இல்லாமல் கண்ணால் பிடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

1907இல் பீகிங்கிலிருந்து பாரிஸ் வரை போன இட்டாலா காருக்கும் இதே கதி வந்தது. இளவரசர் போர்கேஸே ஓட்டிப் போன வண்டி. ரஷ்யாவில் மரச் சக்கரம் உடைந்து, கிராமத்து வண்டித் தச்சர் ஒருவர் கோடாரியை வைத்தே அதைச் சரிசெய்து கொடுத்தார். அந்தச் சக்கரத்தோடு பாரிஸில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார்கள். பந்தயத்தில் ஜெயித்த இளவரசர் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது, தச்சர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

14 ஜூலை

பஞ்சர் பற்றி ஒரு வரி. அப்போது சாலை முழுக்க மாட்டின் லாட ஆணி கிடக்கும். முன் டயர் மூன்று அங்குல அகலம்தான், காற்று கெட்டியாக அடிக்க வேண்டும். ஆணி ஏறினால் சாலையிலேயே டயரைப் பிரித்து ஒட்டிக் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். கூட ஒரு ஆள் இல்லாமல் யாரும் தூரப் பயணம் கிளம்ப மாட்டார்கள்.

2 ஆகஸ்ட்

பெரிய செய்தி. பாலக்கோட்டுக்காரரின் அத்தை வீட்டுப் பரணில் கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்திருக்கிறது. நாலு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நேற்று இரவு நானும் மாமாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைப்பில் ரக்தாட்சி வருஷம், தை மாதம். ரக்தாட்சி என்றால் 1924 ஏப்ரலிலிருந்து 1925 ஏப்ரல் வரை. தை என்றால் 1925 ஜனவரி, பிப்ரவரி. போட்டோவை வைத்துச் சொன்ன காலத்துக்குள் சரியாக விழுகிறது.

சேலம் செலவுக்குக் கீழே: பெட்ரோல் 2 டின். அடுத்து தொப்பூரில் சக்கரத்துக்குக் கட்டை வைத்த ஆள் நாலு பேருக்குக் கூலி. அடுத்த வாரம், வேறு மையில்: பெங்களூரிலிருந்து லைனிங் 3, ரயில் கூலி.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேலத்தில் இரண்டு டின் ஊற்றினால் 18 லிட்டர். டாங்கில் ஏற்கெனவே கொஞ்சமாவது இருந்திருக்கும். பாதி டாங்க். மாந்தோப்பில் பார்த்தபடி, பாதி டாங்க் இருந்தால் முன்பக்கமாகவே ஏறலாம். எனவே பெட்ரோல் காரணம் இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது.

லைனிங் 3 என்பதுதான் விடை. சின்ன கியருக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. ஒரு முழு செட். வீட்டுக்கு வந்ததும் மூன்றையும் மாற்றியிருக்கிறார்கள். சின்ன கியர் பட்டை அந்தப் பயணத்தில் தேய்ந்துபோயிருக்கிறது. கொஞ்சம் தேய்ந்தால் வெளியிலிருந்தே ஒரு திருகை இறுக்கிச் சமாளிக்கலாம், அந்த டிரைவர் அதைச் செய்யாமல் இருந்திருக்க மாட்டார். லைனிங்கே கருகிப் போய்விட்டால் எவ்வளவு இறுக்கினாலும் டிரம் வழுக்கும். சின்ன கியர் இல்லை, பெரிய கியரில் மேடு ஏறாது. அதிகம் பயன்படாததால் ரிவர்ஸ் பட்டைதான் மூன்றில் எப்போதும் நன்றாக இருக்கும். எனவே வண்டியைத் திருப்பியிருக்கிறார்.

நாலு பேர் கட்டையோடு கூட வந்ததும் இதனால்தான். பிரேக் பட்டையும் போயிருந்தால் வண்டி நடுவில் நின்றதும் கீழ்நோக்கி உருளும். அதைப் பிடிக்க ஆள் வேண்டும்.

2 ஆகஸ்ட், இரவு

சாப்பிடும்போது மாமா கேட்டார்: "சரி, சின்ன கியர் பட்டை எங்கே கருகியது?"

தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 280. அந்த இறக்கத்தில் பெரும்பகுதி தொப்பூரில் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து சேலம் போகும்போது அவர்கள் தொப்பூரை இறங்கினார்கள். பட்டை அங்கேதான் போயிருக்கிறது. இத்தனை காலமாக உங்கள் வீட்டில் ஏறிய கதையைச் சொல்கிறீர்கள். வண்டிக்கு ஆபத்து வந்தது அதற்கு முன்பு, இறங்கும்போது. சேலம் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

3 ஆகஸ்ட்

இதை விளக்கமாக எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த இறக்கத்தை நான் இதே வண்டியில் இறங்கியிருக்கிறேன்.

சேலத்தில் ஒரு பழைய கார் கண்காட்சிக்காக மாமா கூப்பிட்டார். லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்றேன். மாமா கேட்கவில்லை. ஞாயிறு விடியற்காலை, பின்னால் ஜீப்பில் என் தம்பி விளக்கை மின்னவிட்டபடி வந்தான். அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி வரை சொர்க்கம். குளிர்ந்த காற்று, பெரிய கியர், மணிக்கு 45 கிலோமீட்டர், இன்ஜின் பாடிக்கொண்டே போனது.

கணவாய் தொடங்குவதற்கு முன்பு நிறுத்தி இன்ஜினை ஆறவிட்டோம். மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கும் டிரம்மைப் பிடிக்கிறது. அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏதாவது உடைந்தால் கால் பிரேக் முழுசாகப் போய்விடும். பின் சக்கரத்தில் கை பிரேக் உண்டு, சின்னது. முன் சக்கரத்தில் எதுவுமே கிடையாது. அதனால் இறக்கத்தில் இன்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடிக்க வேண்டும்: கை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு, சின்ன கியர் பெடலை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

மிதித்தேன். முதல் வளைவு வரை நன்றாக இருந்தது. அப்புறம் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. கால் நடுங்கினால் பெடல் கொஞ்சம் தளரும், தளர்ந்தால் பட்டை வழுக்கும், வழுக்கினால் சூடாகும். அடியிலிருந்து துணி கருகும் வாசனை வந்தது. மாமா பக்கத்திலிருந்து, "மாத்து, மாத்து" என்றார். பழைய டிரைவர்களின் முறை அது. சின்ன கியரைக் கொஞ்ச நேரம், பிரேக்கைக் கொஞ்ச நேரம், ரிவர்ஸ் பெடலை மெல்லத் தொட்டுக் கொஞ்ச நேரம். மூன்று பட்டையும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஆறும்.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஜீப்பைத் தாண்டி, எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகை வாசனையும் எங்கள் வண்டியின் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. அந்த டிரைவர் எப்படியோ சமாளித்துப் போய்விட்டார்.

தீவட்டிப்பட்டியில் டீக்கடையில் நிறுத்தி இறங்கினேன், கால் தரையில் நிற்கவில்லை. கியர் பெட்டி மூடியைத் திறந்து பார்த்தோம், சின்ன கியர் லைனிங் ஒரு ஓரத்தில் கறுத்திருந்தது. எங்களுக்காவது பின்னால் ஜீப் இருந்தது, தார்ச் சாலை இருந்தது. 1925இல் அந்த மனிதர் செருப்பில்லாத காலோடு, புளி மூட்டையோ என்னவோ பின்னால் ஏற்றிக்கொண்டு, அதே இறக்கத்தை இறங்கியிருக்கிறார்.

10 ஆகஸ்ட்

"லாரிகளைப் பற்றி இந்த இழையில் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே விஷயம் என்பதால்தான். தொப்பூரில் விபத்து நடக்காத வருடம் இல்லை. 2024 ஜனவரியில் லாரி மோதிக் கார்கள் எரிந்து உயிர்கள் போனதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில்தான் எல்லாம் நடக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள், அல்லது பெரிய கியரில் இறங்கி பிரேக்கையே நம்புகிறார்கள். பாரம் வண்டியைத் தள்ளும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். 100 வருடத்துக்கு முன் பருத்தி லைனிங் கருகிய காரணமும் இன்று லாரி பிரேக் புகைகிற காரணமும் வேறு வேறு அல்ல. சின்ன கியரில் போட்டு இன்ஜின் பிடியில் இறங்குங்கள் என்றுதான் மாடல் டி ஓட்டியவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் பட்டறைக்கு வரும் லாரி டிரைவர்களிடம் இதை ஓயாமல் சொல்கிறேன். இளம் பையன்கள் சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

17 ஆகஸ்ட்

ஓசூரில் மாடல் டி வாங்கியிருப்பதாக எழுதிய தம்பிக்கு. வாழ்த்துகள். கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கி வருவதற்கு முன்பு பின் சக்கரத்துக்குத் தனி பிரேக் போடுங்கள். ராக்கி மவுண்டன் பிரேக் என்று அந்தக் காலத்திலேயே விற்றார்கள், இன்றும் அதே மாதிரியில் புதிதாகச் செய்கிறார்கள். பின் டிரம்மை வெளியிலிருந்து பட்டை பிடிக்கும், கியர் பெட்டிக்குள் என்ன உடைந்தாலும் இது வேலை செய்யும். மாமாவின் வண்டிக்குச் சேலத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டோம். பழமை கெடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

லைனிங் பருத்தியா, கெவ்லார் என்கிற செயற்கை நாரா? கெவ்லார் அதிக நாள் வரும், சூடு தாங்கும். ஆனால் பெடலை அரைகுறையாக மிதித்து வழுக்கவிட்டால் டிரம் சூடேறி வெடிப்பு விடும். பருத்தி டிரம்மை மன்னிக்கும், தான் கருகிவிடும். புதிதாக ஓட்டக் கற்பவர் பருத்தியில் தொடங்குவது நல்லது.

தண்ணீர்: இந்த இன்ஜினுக்கு வாட்டர் பம்ப் இல்லை, சூடான தண்ணீர் மேலே போய்க் குளிர்ந்து கீழே வரும் முறை. ரேடியேட்டர் குழாயில் உப்பு படிந்தால் மேட்டில் கொதித்துவிடும். நம் போர்வெல் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்.

ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டில் அடிப்பதற்கு முன் ஸ்பார்க் கம்பி முழுக்க மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் திருப்பி உதைத்து மணிக்கட்டை உடைக்கும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள்.

31 ஆகஸ்ட்

அந்த வண்டி என்ன ஆனது என்று எல்லாரும் கேட்கிறார்கள். பாலக்கோட்டுக்காரர் வீட்டில் சொல்வதைத் தொகுத்திருக்கிறார்: இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பஸ்களே கரி வாயுவில் ஓடிய காலம், பழைய காருக்கு எங்கே பெட்ரோல் கிடைக்கும்? பிறகு பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கிப் போனார், கிணற்றில் தண்ணீர் இறைக்க. இது முழுக்க நம்பத் தகுந்தது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி, மாடல் டியை இறைப்பதற்கும் அரைப்பதற்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் அந்த இன்ஜின் எங்காவது கிணற்றடியில் இன்னும் கிடக்கலாம். பென்னாகரம், ஏரியூர், பாப்பாரப்பட்டி பக்கம் இருப்பவர்கள் பழைய கிணற்று மோட்டார் ரூம்களைப் பாருங்கள். நாலு சிலிண்டர், ஒரே வார்ப்பு, மேலே தனியாகக் கழற்றும் தலை. இடப்பக்கம் தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கு மேலே ஒரு தட்டையான இடம் இருக்கும், அதில் எண்ணைக் குத்தியிருப்பார்கள். துருவைச் சுத்தியால் தட்டாதீர்கள், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்து இருந்தால் கனடா. எண்ணைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் வண்டி வாங்கிய விவரம் இருக்கிறது என்று அத்தை சொல்லியிருக்கிறாராம், அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால் இன்னும் பிரிக்கவில்லை. அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.